பொது மைதானத்தில் விளையாடக் காசு கட்ட வேண்டுமா? பயன்பாட்டுக் கட்டணம் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன கிழமை கனடாவிலிருந்து மச்சான் கோல் எடுத்தான். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்த காலத்தில் கரப்பந்து தவிர வேறெதையும் தொடாதவன், இப்போது பிக்கிள்போல் என்றொரு ஆட்டத்தில் விழுந்து கிடக்கிறான். சுகம் விசாரிக்கும் முன்னாலேயே கதையைத் தொடங்கிவிட்டான். அவன் விளையாடும் பூங்காவின் ஆடுகளங்களுக்கு இனிக் கட்டணம் வைக்கப் போகிறார்களாம், ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறதாம், கூட்டத்தில் ஒரு வயதான அம்மா பேச எழும்பி அழுதே விட்டாராம். "பந்து அடிக்கிறதுக்கும் காசாடா மச்சான்? நாங்க வரி கட்டுறம்தானே?"

அவனுடைய கோபம் எனக்கு விளங்கியது. ஆனால் நான் எங்கள் கரப்பந்துக் கழகத்தில் நான்கு வருடம் பொருளாளராக இருந்து கொப்பியில் கணக்கு எழுதியவன், அதனால் மற்றப் பக்கமும் விளங்கியது. இது கனடாக்காரரின் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. நம் மைதானங்களுக்கும் இன்றோ நாளையோ இதே கேள்வி வரும், அப்போது "இலவசம்தான் வேண்டும்" என்று ஒரு பக்கமும் "காசு வாங்கினால்தான் ஒழுங்காக இருக்கும்" என்று மறுபக்கமும் கத்திக்கொண்டிருப்பதைவிட, இந்தக் கட்டணம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஆட்டம். 1965 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் என்ற தீவில், விடுமுறையில் பொழுது போகாமல் இருந்த பிள்ளைகளுக்காக ஜோயல் பிரிச்சர்ட் என்பவரும் நண்பர் பில் பெல்லும் உண்டாக்கியது இது, பின்னர் பார்னி மெக்கலம் என்பவரும் சேர்ந்துகொண்டார். பூப்பந்து விளையாடத்தான் நினைத்தார்கள், சாமான் கிடைக்கவில்லை. கையில் அகப்பட்ட துளை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் மேசைப்பந்து மட்டையையும் எடுத்துக்கொண்டு தொடங்கினார்கள். அதனால்தான் இன்றும் பிக்கிள்போல் ஆடுகளம் பூப்பந்து ஆடுகளத்தின் அதே அளவு: 44 அடி நீளம், 20 அடி அகலம். நடுவில் வலை 34 அங்குல உயரம்தான். ஓட்டம் குறைவு, பழகுவது சுலபம், பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடலாம். அமெரிக்காவில் 2023 இல் 1 கோடியே 36 இலட்சம் பேர் ஆடினார்கள், அடுத்த வருடம் அது கிட்டத்தட்ட 2 கோடியாகிவிட்டது.

ஒரு டெனிஸ் களத்துக்கு ஒதுக்கும் இடத்தில் நான்கு பிக்கிள்போல் களம் போடலாம். நான்கு பேர் நின்ற இடத்தில் பதினாறு பேர். அப்படிப் போட்டும் இடம் காணவில்லை என்பதுதான் அங்கே வந்த சண்டையின் வேர். டெனிஸ்காரர் களம் போன கோபத்தில் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் காலையிலிருந்து 'டொக் டொக்' சத்தம் கேட்டுத் தலையிடி என்கிறார்கள், விளையாடுகிறவர்கள் வரிசையில் ஒரு மணித்தியாலம் நிற்கிறோம் என்கிறார்கள். வரிசை என்றால் ஆள் நிற்பதில்லை. வேலியில் பொருத்திய தட்டில் மட்டையைச் செருகி வைப்பார்கள், மட்டைதான் வரிசையில் நிற்கும். மச்சான் இதைச் சொன்னபோது எனக்கு 2022 ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் நம் நாட்டில் காஸ் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு வீதியோரம் அடுக்கி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சரி, பயன்பாட்டுக் கட்டணம் என்றால் என்ன? ஒரு பொது வசதியைப் பாவிக்கிறவர், பாவிக்கிற நேரத்தில், பாவிக்கிற அளவுக்குக் கொடுக்கும் காசு. பஸ் நிலையக் கழிவறை வாசலில் கொடுப்பது அதுதான். வரி அப்படியில்லை. ஆதனவரி கட்டுகிற ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைகூட மைதானப் பக்கம் போகாமல் இருக்கலாம், அவருடைய காசிலும் ஒரு துளி அங்கே போய் விழும். ஆக 'இலவச' மைதானம் என்று ஒன்று இல்லை. விளையாடுகிறவர் கொடுக்காவிட்டால் விளையாடாதவர் கொடுக்கிறார், அவரும் கொடுக்காவிட்டால் மைதானம் கொடுக்கிறது: வலை கிழிகிறது, கோடு அழிகிறது, கம்பம் துருப்பிடிக்கிறது. கல்லடியில் கடற்காற்றுக்கு இரும்புக் குழாய் எத்தனை காலம் தாங்கும் என்று கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியென்றால் எதற்கு வரியில் செலவழிப்பது, எதற்குக் கட்டணம் வாங்குவது? பொருளாதாரம் படிக்கிறவர்கள் இதற்கு இரண்டு கேள்வி கேட்பார்கள். நான் அனுபவித்தால் உனக்குக் குறையுமா? காசு தராதவரைத் தடுக்க முடியுமா?

பாலமீன்மடு வெளிச்ச வீட்டை எடுங்கள். 1913 இல் கட்டியது. அதன் வெளிச்சத்தை ஒரு தோணி பார்த்தால் அடுத்த தோணிக்கு வெளிச்சம் குறையாது, காசு கட்டாத தோணிக்கு மட்டும் இருட்டாகத் தெரியச் செய்யவும் முடியாது. இப்படிப்பட்டதை வரியில் நடத்துவதுதான் பொருத்தம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். (றொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் 1974 இல் இதையும் கிளறிப் பார்த்தார். பிரித்தானியாவில் வெளிச்ச வீட்டுக்கான காசைக் கப்பல்களிடமே, அவை துறைமுகத்துக்கு வரும்போது, வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டினார். தடுக்க முடியாது என்று நாம் நினைப்பதற்கும் எங்கேயோ ஒரு வாசல் இருக்கத்தான் செய்கிறது.) இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சந்தையில் வாங்கும் மீன்: நான் வாங்கிய மீனை நீங்கள் சாப்பிட முடியாது, காசில்லாமல் கடைக்காரர் தரவும் மாட்டார்.

மைதானம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதுவும் அசையாமல் நிற்பதில்லை, நேரத்துக்கு நேரம் இடம் மாறுகிறது. காலை பத்து மணிக்கு மட்டக்களப்பு வெயிலில் ஒரு களம் வெறுமையாகக் கிடக்கிறது, இரண்டு பிள்ளைகள் வந்து ஆடினால் யாருக்கு என்ன குறையும்? ஒன்றுமில்லை, அப்போது அது வெளிச்ச வீடு. பின்னேரம் ஐந்து மணிக்கு அதே களத்தில் நான்கு பேர் இறங்கினால் மற்ற இருபது பேருக்கு இடமில்லை, அப்போது அது மீன். அமெரிக்காவில் ஜேம்ஸ் புக்கனன் என்பவர், கூட்டம் சேரும்வரை பங்கிட்டு அனுபவிக்கக்கூடிய இந்த நடுத்தரமான பொருட்களைப் பற்றி ஒரு கோட்பாடு எழுதினார். எத்தனை பேர் சேரும்வரை நல்லது, எந்த இடத்தில் நெரிசல் தொடங்குகிறது, செலவை எப்படிப் பிரிப்பது என்பதுதான் அதன் விஷயம். அவர் எழுதியதும் 1965 இல்தான், பெயின்பிரிட்ஜில் பிள்ளைகள் அந்தத் துளைப் பந்தை அடிக்கத் தொடங்கிய அதே வருடம்.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் தெளிந்துவிடும். வெறுமையாகக் கிடக்கும் நேரத்துக்குக் கட்டணம் வைப்பது வீண், வைத்தால் வருகிற இரண்டு பேரும் வராமல் போவார்கள், அவ்வளவுதான் நடக்கும். நெரிசல் நேரத்தின் கதை வேறு.

இப்போது அந்தச் சிலிண்டர் வரிசைக்கு வருகிறேன். காசு வாங்காவிட்டாலும் நெரிசலில் எல்லோரும் ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அது நேரம். 2022 இல் காஸுக்கும் எரிபொருளுக்கும் நாம் விலையோடு சேர்த்து இரவுகளையும் கொடுத்தோம். நேரம் உள்ளவருக்கு வரிசை மலிவு, காசு உள்ளவருக்குக் கட்டணம் மலிவு. ஓய்வூதியம் எடுப்பவர் நாலு மணிக்கே வந்து மட்டையைச் செருகிவிடலாம். கடையில் வேலை செய்துவிட்டு ஆறு மணிக்கு வரும் பிள்ளையால் முடியாது, அவளுக்கு வரிசைதான் பெரிய தடை. பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் ஒருவர் உழைத்து வரும் காசில் வாழும் பிள்ளைக்கோ ஐம்பது ரூபாய்தான் பெரிய தடை. இலவசம் என்றால் எல்லோருக்கும் சமம் என்பது முழு உண்மையில்லை, கட்டணம் என்றால் ஒழுங்கு என்பதும் முழு உண்மையில்லை.

கணக்கும் பார்க்கத்தான் வேண்டும். மச்சானின் ஊர்க் கூட்டத்தில் மூன்று மணித்தியாலம் பேசியும் யாரும் கணக்கை எடுக்கவில்லையாம், அது எனக்கு மனவருத்தம். நம் ஊரில் வைத்து உதாரணத்துக்கு ஒன்று போடுவோம், எண்கள் எல்லாம் என் ஊகம்தான். நான்கு விளக்கு, ஒவ்வொன்றும் 400 வாட்ஸ், இரவு மூன்று மணித்தியாலம். ஒரு நாளைக்கு ஐந்து யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. யூனிட் 50 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 240 ரூபாய், மாதம் இருபத்தைந்து நாளுக்கு 6,000. தரைக்கு ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஆறு இலட்சம் போட்டுப் பூச வேண்டும் என்றால் மாதம் சுமார் 8,300 ஒதுக்க வேண்டும். வலை, கம்பம், பல்ப் என்று மாதம் 2,000. மொத்தம் பதினாறாயிரத்துச் சொச்சம்.

ஆளுக்கு 50 ரூபாய், நாளுக்கு 30 பேர், 25 நாள்: 37,500 வருகிறது. ஆகா, இரட்டிப்பு வருமானம் என்று தோன்றும். ஆனால் வாசலில் நின்று அந்த ஐம்பதை வாங்க ஒருவர் வேண்டுமே. அவருக்கு மாதம் 30,000 என்றால் செலவு 46,000க்கு மேலே போய்விடுகிறது, வருமானம் காணாது! காசு வாங்குவதற்கே காசு போதவில்லை. இதோடு கார்த்திகை, மார்கழி மழையைச் சேருங்கள். மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் கிழமைகளில் யாரும் வரமாட்டார்கள், வருமானம் பூச்சியம், சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பொது மைதானக் கட்டணங்கள் பல இடங்களில் இந்த வசூல் செலவில்தான் கவிழ்கின்றன. எவ்வளவு வரும் என்று எல்லோரும் கேட்பார்கள், வாங்குவதற்கு எவ்வளவு போகும் என்பதை யாரும் கேட்பதில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் அந்தக் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 50 என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,250. இரண்டு பிள்ளைகள் விளையாடும் வீட்டில் 2,500. ஆண்பிள்ளைக்கு எப்படியாவது கொடுத்துவிடுவார்கள், பெண்பிள்ளை கேட்கவே மாட்டாள். கேட்டால் "விளையாட்டு எதுக்கு உனக்கு" என்ற பழைய கதை திரும்பத் தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். வராமல் போனவரின் பெயர் எந்தப் பற்றுச்சீட்டிலும் இருக்காது.

இதை நான் எங்கிருந்தோ படித்துச் சொல்லவில்லை. எங்கள் கழகத்தின் திடல் கடற்கரைக்குக் கிட்ட, மணல் தரை. மாதச் சந்தா நூறு ரூபாய். வலை கிழிந்தால் தங்கூசி நூல் வாங்கி வந்து நாங்களே பொத்துவோம், வலை பொத்தத் தெரிந்தவர்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் ஒரேயடியாகச் சராசரி 75 வீதம் ஏறியபோது விளக்குக் காசு சமாளிக்க முடியாமல் சந்தாவை இருநூறாக்கினோம். தீர்மானம் போட்டது நானும் இருந்த கூட்டம்தான். அடுத்த மாதம் கொப்பியில் இரண்டு பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. அதில் ஒரு பையன், பந்தைத் தூக்கிக் கொடுப்பதில் எங்களில் அவனை விட்டால் ஆளில்லை, பின்னேரங்களில் வந்து கொட்டமரத்துக்குக் கீழே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று பார்ப்பான். ஏன்டா தம்பி இறங்கல்ல என்று கேட்டால் "கால் நோவு அண்ணா" என்பான். மூன்று கிழமை கால் நோவு. ஒரு நாள் பந்து அவன் பக்கம் உருண்டு போனது, குனிந்து எடுத்து இரண்டு விரலால் அப்படியே மேலே தூக்கிவிட்டான், வலைக்கு மேலே சரியான இடத்தில் வந்து நின்றது. அன்றிரவு நான் செயலாளர் வீட்டுக்குப் போனேன். சந்தாவைத் திரும்ப நூறாக்கி, விளக்குக் காசுக்குச் சந்தியில் இருந்த ஒரு கடைக்காரரைப் பிடித்து, அவருடைய கடைப் பதாகையைத் திடலில் கட்டுவதாகப் பேசி முடித்தோம். பையன் அடுத்த திங்கள் இறங்கினான்.

அதனால் கட்டணமே கூடாது என்கிறேனா? இல்லை. கட்டணம் தகும் இடங்கள் இருக்கின்றன. பொதுக் களத்தில் பயிற்சி வகுப்பு நடத்திப் பெற்றோரிடம் மாதக் காசு வாங்குகிற பயிற்றுநர் கட்ட வேண்டும், அவர் பொது இடத்தில் தொழில் செய்கிறார். சுற்றுப்போட்டி நடத்தி மூன்று நாள் களத்தை மறிக்கும் கழகம் கட்ட வேண்டும். 'எனக்கு ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் நிச்சயமாக வேண்டும்' என்று முன்பதிவு செய்கிறவர் கட்டலாம், அவர் வாங்குவது பந்தடிப்பதை அல்ல, காத்திருக்காமல் இருப்பதை. இரவில் விளக்கு எரிக்கிறவர்கள் எரிக்கிற அளவுக்குப் போடலாம். அப்புறம், சும்மா பகலில் வருகிற பிள்ளை ஒரு சதமும் கட்டக் கூடாது. இப்படிப் பிரித்தால் வாசலில் ஆள் நிறுத்தவும் தேவையில்லை, மாதத்தில் பத்துப் பேரிடம் வாங்கினால் போதும்.

இலவசத்தில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் கேட்கலாம். நம் நாட்டில் அதற்கு அனுபவம் இருக்கிறது. 1970களில் அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் ஒரு சிறிய கட்டணம் வைத்தார்கள். காசு சிறிதுதான், ஆனால் வருகிறவர் தொகை விழுந்தது, 1977 இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆட்கள் குறைந்தது நோய் குறைந்ததால் அல்ல என்பது எவருக்கும் தெரியும். சிறு காசு என்று கூட்டத்தில் சொல்லுகிறவருக்கு அது சிறு காசு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு, காசு வாங்கத் தொடங்கினால் ஆட்களின் மனம் மாறும். இஸ்ரேலில் ஹைஃபா நகரின் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைக் கூட்டிப் போகப் பிந்தி வருகிற பெற்றோருக்குத் தண்டப்பணம் வைத்துப் பார்த்தார்கள். 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அது. பிந்தி வருகிறவர்கள் குறையவில்லை, கூடினார்கள். முன்பு ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற வெட்கம் இருந்தது, இப்போது காசு கட்டிவிட்டோமே என்ற தைரியம். தண்டத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. நம் திடல்களில் சிரமதானம் என்று சொன்னால் மண்வெட்டியோடு இருபது பேர் வருகிறார்கள். "காசு கட்டுறம்தானே, சபை வந்து துப்புரவாக்கட்டும்" என்று அந்த இருபது பேரும் சொல்லத் தொடங்கினால், வருகிற காசு அந்த மண்வெட்டிகளுக்கு ஈடாகுமா? வாவியில் மீன்பிடிப்பது போன்ற பொது வளங்களைப் பாவிக்கிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று ஊர் ஊராகப் பார்த்து எழுதியதற்குத்தான் எலினோர் ஒஸ்ட்ரொம் 2009 இல் நோபல் பரிசு பெற்றார். 'ஒரு ஆட்டம் முடிந்தால் தோற்றவர் இறங்க வேண்டும்' என்ற நம் திடல் சட்டமும் அப்படிப்பட்ட ஒரு விதிதான், யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் மீறிப் பாருங்கள்.

மச்சானின் கேள்விக்கு வருகிறேன், வரி கட்டியவனிடம் திரும்பக் காசு கேட்பது நியாயமா? வரியில் களம் கட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. அந்தக் களத்தை ஐந்து மணிக்கு அவனுக்கென்று மட்டும் மறித்துத் தர அந்த வரி போதாது என்பதும் உண்மை. கட்டணம் வைத்தால் அந்தக் காசு அந்தக் களத்துக்கே திரும்ப வர வேண்டும், தனிக் கணக்கில். சபையின் பொதுக் கணக்கில் விழுந்தால் அது எதற்குப் போனது என்று கண்டுபிடிக்க முடியாது, அப்போது அது இன்னொரு வரிதான், விளையாடுகிறவர் மேல் மட்டும் போட்ட வரி. வேலியில் ஒரு பலகை தொங்கவிட்டு, இந்த மாதம் வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, தரைக்குச் சேர்ந்தது இவ்வளவு என்று எழுதினால் சண்டையில் பாதி அன்றைக்கே அடங்கும். எங்கள் கழகக் கொப்பி எப்போதும் திடலில்தான் இருந்தது, யார் வேண்டுமானாலும் விரித்துப் பார்க்கலாம். பல்ப் 2, தங்கூசி 1 சுருள், பந்து 1 என்று எழுதியிருக்கும்.

மட்டக்களப்புக்கு வெளியிலிருந்து வந்த ஆட்டம் புதிதில்லை. அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் கூடைப்பந்தை இங்கே ஊன்றிவிட்டுப் போனார்கள், அவர்களில் ஒருவரான அருட்தந்தை வெபரின் பெயரில்தான் நகரத்தில் நம் மைதானம் நிற்கிறது. பிக்கிள்போலும் ஒரு நாள் வரலாம், வந்தால் பூப்பந்துக் கோட்டிலேயே வலையைத் தாழ்த்திக் கட்டித் தொடங்கிவிடுவோம்.

மச்சானின் ஊரில் அடுத்த கூட்டம் வியாழக்கிழமையாம். நான் மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன்: காசு எந்தக் கணக்கில் விழும், வாங்குவதற்கு எவ்வளவு செலவு, ஆளில்லாத காலை நேரத்துக்கும் ஏன் அதே கட்டணம். அழுத அந்த அம்மா எந்த நேரம் விளையாட வருவார் என்று கேட்டேன். காலையில்தான், ஒன்பது மணிக்கு, நாலைந்து பேர்தான் அப்போது இருப்பார்களாம். "அதை முதல்ல சொல்லு கூட்டத்துல" என்றேன். எழுதிக்கொண்டான். "மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான், மட்டையைச் செருகப் போக நேரமாகிவிட்டதாம்.